ஆடிக்காற்று முதல் ஐப்பசி வரை: டர்பனில் குளிர் விலகும்போது பறவை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சனிக்கிழமை விடியற்காலையில் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து கிளம்பிச் சில்வர்கிளென் காட்டுப் பக்கம் நடக்கும் ஏழெட்டுப் பேர் நாங்கள். பாதிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். மீதிப் பேர் தூக்கம் கலையாமல் இழுத்துவரப்பட்ட பேரப்பிள்ளைகள். நடக்கும்போதும், ஆடி மாதத்தில் கோயில் கூழுக்கு வரிசையில் நிற்கும்போதும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் பறவை ஆராய்ச்சியாளன் இல்லை. ஒரே கொல்லைப்புறத்தை நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான்.

இங்கே வசந்தம் எப்போது தொடங்குகிறது? செப்டம்பர் 1 என்கிறார்களே?

செப்டம்பர் 1 பள்ளிக்கூடத்துக்கும் வானொலிக்கும். வானத்துக் கணக்கில் பகலும் இரவும் சமமாவது செப்டம்பர் 22 அல்லது 23. பறவைகள் இரண்டையும் பொருட்படுத்துவதில்லை. என் கொல்லையில் ஆகஸ்ட் நடுவிலேயே சத்தம் மாறிவிடும்.

எங்கள் ஆயாவிடம் இதற்கு வேறு கணக்கு இருந்தது. "ஆடிக்காத்து அடிச்சு ஓஞ்சா குளிர் போச்சு" என்பார். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி தமிழ்நாட்டுத் தென்மேற்குப் பருவக்காற்றைப் பார்த்துச் சொன்னது. ஆனால் டர்பனிலும் ஆகஸ்ட் என்றாலே காற்றுதான். கொடியில் போட்ட துணி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஆக, பழமொழி கப்பலேறி வந்தும் கெடவில்லை. கெட்டது மற்றதெல்லாம். சித்திரை, வைகாசியை இளவேனில் என்று படிக்கிறோம். இங்கே அப்போது இலையுதிர் காலம். நமக்கு இளவேனில் ஆவணியும் புரட்டாசியும்தான். விரதம் தொடங்கும் முதல் புரட்டாசிச் சனிக்கிழமை காலையில் ஐந்து நிமிஷம் வெளியே நின்று காது கொடுங்கள், புரியும்.

டர்பனில் பெரிதாகக் குளிரே இல்லையே, பறவைக்கு எப்படித் தெரிகிறது?

குளிரை வைத்து இல்லை, வெளிச்சத்தை வைத்து. ஜூன் 21 வாக்கில் டர்பனில் பகல் பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல். டிசம்பரில் அதுவே பதினான்கு மணி நேரம். பகல் நீள நீளப் பறவையின் உடம்பில் சுரப்புகள் மாறுகின்றன; ஆண் பாடத் தொடங்குகிறது, சிலவற்றுக்கு இறகின் நிறமே மாறுகிறது. சென்னையில் ஒரு வருஷத்தில் பகலின் நீளம் ஒன்றரை மணி நேரம்தான் கூடிக் குறையும். இங்கே அது கிட்டத்தட்ட நாலு மணி நேரம். முதல் தலைமுறையாகத் தமிழ்நாட்டிலிருந்து இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு இது விசித்திரமாக இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கூடவே மழை. கேப் பகுதியைப் போலில்லாமல் நமக்குக் குளிர்காலம் வறண்டது. செப்டம்பர், அக்டோபரில் மழை தொடங்கும். மழை வந்தால் பூச்சி, பூச்சி வந்தால் குஞ்சுக்குச் சாப்பாடு.

கூழ் ஊற்றும்போது கோயிலுக்கு மேலே வட்டமிடுவது கருடனா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி ஒரு வருஷம் திட்டு வாங்கியிருக்கிறேன். நம் கருடன், அதாவது வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடம்பும் உள்ள செம்பருந்து, ஆப்பிரிக்காவில் கிடையாது. நீங்கள் பார்ப்பது மஞ்சள் அலகுப் பருந்து. சென்னைக் குப்பைமேட்டில் சுற்றும் கரும்பருந்துக்கு நெருங்கிய சொந்தம். வால் நுனி பிளவுபட்டிருக்கும். படகோட்டி துடுப்பைத் திருப்புவதுபோல அந்த வாலை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பறக்கும். அதைப் பார்த்துவிட்டால் வேறு அடையாளம் தேவையில்லை.

குளிர்காலத்தை ஆப்பிரிக்காவின் வடக்குப் பக்கம் கழித்துவிட்டு ஆகஸ்டில் திரும்புகிறது. மார்ச் வாக்கில் கிளம்பிவிடும். ஆடி கடைசி வெள்ளியும் அதன் வருகையும் சில வருஷம் ஒன்றாக விழுவதால் கும்பிடுகிறவர்கள் கும்பிடுகிறார்கள். வேண்டாம் என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? வந்த தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குளிர் விலகுவதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

கரும்புக்காட்டில் தீ வைத்தால் இந்தப் பறவைகள் ஏன் ஓடி வருகின்றன?

தோங்காட், வெருலம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. வெட்டுவதற்கு முன் தோகையை எரிப்பார்கள். அறுவடை ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நீளும். காற்றில்லாத நாளாகப் பார்த்து வைப்பார்கள். இருந்தாலும் கருஞ்சாம்பல் இழையிழையாகப் பறந்து வெள்ளைச் சட்டையில்தான் வந்து உட்காரும்.

நெருப்பு நகரும் முகத்தைக் கவனியுங்கள். வெட்டுக்கிளிகள் முதலில் துள்ளும், அப்புறம் எலிகள். பருந்துகள் புகைக்குள்ளேயே பாய்ந்து காலால் பிடித்து, பறந்துகொண்டே காலை அலகுக்குக் கொண்டுவந்து தின்னும். இறங்கி உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. உண்ணிக்கொக்குகள் கொஞ்சம் பொறுமைசாலிகள். எரிந்து அணைந்த தரையில் நடந்து வறுபட்டதைப் பொறுக்கும். அந்த வெள்ளைக் கொக்கு கரியாகிவிடும் என்று பேத்தி கவலைப்பட்டாள். இதுவரை ஆனதாகப் பார்க்கவில்லை.

எங்கள் தென்னையைக் கிழிக்கும் மஞ்சள் குருவி தூக்கணாங்குருவியா? விரட்டலாமா?

தூக்கணாங்குருவிக் குடும்பம்தான், ஆனால் ஊரில் பார்த்த அதே குருவி இல்லை. டர்பன் வீடுகளில் பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது கிராமத்துத் தூக்கணாங்குருவி. ஆணுக்குக் கருப்பு முகம், சிவப்புக் கண், முதுகில் மஞ்சளும் கருப்புமாகப் புள்ளிகள். ஜூனில் இதே ஆண் சாணி நிறத்தில் அடையாளம் தெரியாமல் இருந்தது. ஆகஸ்டில் கல்யாண வேட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஒரு நாள் காலை தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு முழுதாகப் பாருங்கள். ஓலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு. அந்த முனையைக் கவ்விக்கொண்டு பறக்கும். பறக்கும் வேகத்திலேயே ஓலை நாராகக் கிழிந்து கூடவே வரும். முதலில் தொங்கும் கிளையில் ஒரு வளையம் கட்டும், தானே உட்கார்ந்து ஊஞ்சலாடுகிற அளவுக்கு. ஒரு காலால் நாரை மிதித்துக்கொண்டு அலகால் உள்ளே விட்டு வெளியே இழுத்து முடிச்சுப் போடும். வளையத்தில் நின்றபடி முன்னால் பின்னி, பின்னால் பின்னி, அலகு எட்டும் தூரம்தான் அறையின் அளவு. உடம்பே அளவுகோல்.

கூடு முடிந்ததும் அடியில் தலைகீழாகத் தொங்கி, இறக்கையை அடித்துக்கொண்டு, பழைய தையல் மிஷின்போல இரைச்சலிடும். பெண் வந்து உள்ளே நுழைந்து பார்க்கும், நாரை இழுத்துப் பார்க்கும், பிடிக்கவில்லை என்றால் போய்விடும். நாள் பல ஆகி நார் காய்ந்து பழுப்பேறிவிட்டால் எந்தப் பெண்ணும் திரும்பிப் பார்க்காது. அப்போது அவரே கட்டியதை அவரே பிய்த்துக் கீழே போடுவார். உங்கள் வாசலில் விழுந்து கிடக்கும் கூடுகள் காற்றில் விழுந்தவை மட்டும் இல்லை, பெண் பார்க்க வந்து தட்டிப்போன சம்பந்தங்களும் இருக்கின்றன.

ஊர்த் தூக்கணாங்குருவிக் கூட்டில் நீளமான குழாய் தொங்குமே, அது எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் குருவியின் கூட்டில் வாசல் அடியில் வெறும் ஓட்டையாக இருக்கும். நீளக் குழாய் வேண்டுமென்றால் கண்ணைச் சுற்றிக் கருங்கோடு போட்ட கண்ணாடித் தூக்கணாங்குருவியைத் தேடுங்கள். அது கூட்டமாகக் கட்டாது. ஜோடியாக ஒதுக்குப்புறத்தில் கட்டும்.

விரட்ட வேண்டாம். ஓலை கிழிந்தால் தென்னை சாகாது. என் அயல்வீட்டுக்காரர் ஒருவர் கூடு நிறைந்த கிளையையே வெட்டினார். அடுத்த வாரம் அத்தனையும் என் வீட்டுக் கிளைக்குக் குடிவந்தன. இப்போது இரண்டு வீட்டுச் சத்தமும் எனக்கு.

மூன்று சுரத்தில் இறங்கி இறங்கி நாள் முழுக்கக் கூவுவது எது?

செம்மார்புக் குயில். ஆப்பிரிக்கான்ஸில் பீட்-மை-ஃப்ரோ என்பார்கள், அது கூவுவதைப் போலவே. ஜூலு மக்கள் பேசுகோம்கோனோ என்கிறார்கள். தோளின் மேல் என்று பொருள். மண்வெட்டியைத் தோளில் போடு, விதைக்கப் போ என்று குருவி சொல்கிறதாம். ஊரில் அக்கக்கா என்று கூவும் குயில் நினைவுக்கு வருகிறதா? அதுவும் குயில் இனந்தான், அதுவும் இதைப்போல மற்றவர் கூட்டில் முட்டையிடும். இங்கே பெரும்பாலும் ராபின் வகைப் பறவைகள்தான் ஏமாளிகள்.

செப்டம்பர் கடைசி, அக்டோபரில் எதிர்பார்க்கலாம். ஒரு வருஷம் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலேயே குயில் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் வாட்ஸப் அனுப்பிவிட்டேன். அப்புறம் புதருக்குள் எட்டிப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு செந்தலை ராபின். மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடுவதில் அதற்கு நிகரில்லை. குயிலைக் கூவிவிட்டு, மூச்சு வாங்காமல் மீன் கழுகின் குரலுக்குப் போனது. அன்றிலிருந்து கண்ணால் பார்க்காமல் தேதி எழுதுவதில்லை.

இரவில் சாக்கடைப் பக்கம் குறட்டை விடுவது?

தேரை. தொண்டைக்குரல் தேரை என்று சொல்லலாம். ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். 1922இல் கரும்பைத் தின்னும் வண்டை ஒழிப்பதற்காக டர்பனிலிருந்து இதை மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அங்கே தீவு முழுக்க இதே குறட்டை. மொரீஷியஸிலிருந்து வந்த என் மைத்துனர் முதல் ராத்திரியே "வீட்டில் இருப்பதுபோல இருக்கிறது" என்றார்.

வசந்தம் என்றால் வருகை மட்டும்தானா? போவது எது?

இதைக் கேட்பவர்கள் குறைவு. எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

கிளென்வுட்டில் பிஜன் வேலி என்று சின்னக் காடு இருக்கிறது, சுற்றிலும் வீடுகள். அங்கே குளிர்காலத்தில் மட்டும் புள்ளித் தரைப்பூங்குருவி வந்து தங்கும். கிழக்குக் கேப் கடலோரக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, ஏப்ரல் வாக்கில் வடக்கே நம் பக்கம் வருகிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை. சருகின் மேல் இரண்டு அடி ஓடும், நிற்கும், தலையைச் சாய்த்துக் கேட்கும், சருகைப் புரட்டும். வெண்மார்பில் மை தெளித்ததுபோலப் புள்ளி. அசையாமல் நின்றால் சருகோடு சருகாகிவிடும். செப்டம்பரில் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். வந்த பறவையைக் குறிப்பது சுலபம். கடைசியாகப் பார்த்த நாள் எது என்பது, அது போன பிறகுதான் தெரியும்.

இருவாச்சிகளும் இப்படித்தான். குளிர்காலத்தில் ஆலம்பழ வகைகளுக்காக ஊருக்குள் கூட்டமாக வந்து, பச்சைக் குழந்தை அழுவதுபோலக் கத்தி எல்லோரையும் வெளியே வரவைக்கும். வசந்தம் முற்றியதும் பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண் இடுக்கு வழியாக ஊட்டும். கூட்டம் கலைந்து, தெருவில் அழுகைச் சத்தம் நின்றுவிடும்.

கடலில்?

கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஜூன், ஜூலையில் மொசாம்பிக் பக்கம் வடக்கே போகும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை குட்டியோடு தெற்கே திரும்பும். உம்லாங்கா கரையிலிருந்தே மூச்சுப் பீச்சுவது தெரியும். பிளஃப் மேட்டில் திமிங்கில வேட்டை நிலையம் 1975 வரை நடந்தது. இப்போது அதே மேட்டிலிருந்து பைனாகுலரால் பார்க்கிறோம்.

லட்சக்கணக்கில் குருவிகள் இறங்கும் இடம் எது? எப்போது போகலாம்?

விமான நிலையத்தை ஒட்டியுள்ள மவுண்ட் மோர்லாண்ட். அங்கே ஒரு நாணற்காட்டில் தகைவிலான்கள் இரவு தங்கும். 30 லட்சம் வரை இருக்கும் என்று ஒரு காலத்தில் மதிப்பிட்டார்கள். எல்லா வருஷமும் ஒரே அளவு எதிர்பார்க்காதீர்கள், தங்கும் இடத்தை அவை மாற்றிக்கொள்வதும் உண்டு. அக்டோபரில் வரத் தொடங்கும், ஏப்ரலில் கிளம்பும். கூட்டம் பெருக நவம்பர் ஆகும். 2010இல் கிங் ஷாகா விமான நிலையம் திறந்தபோது, குருவிக் கூட்டம் விமானப் பாதையில் வருகிறதா என்று பார்ப்பதற்காகவே ராடார் வைத்தார்கள்.

சூரியன் விழுவதற்கு அரைமணி முன்னால் போய் உட்காருங்கள். முதலில் ஒன்றுமே இருக்காது. ஏமாந்துவிட்டோம் என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். அப்புறம் உயரத்தில் புகைபோல ஒன்று. அது சுழன்று சுழன்று இறங்கி, இருட்டும் நேரத்தில் நாணலுக்குள் கொட்டும். இறக்கைச் சத்தம் மழை வருவதுபோல இருக்கும்.

ஒன்றின் எடை சுமார் 20 கிராம். இரண்டு ஐந்து ராண்ட் நாணயத்தைக் கையில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த எடை ஐரோப்பாவிலிருந்து சுமார் 10,000 கிலோமீட்டர் பறந்து வந்திருக்கிறது. இதே இனம் இதே மாதத்தில் தமிழ்நாட்டுக்கும் போகிறது, ஆசியாவின் வடக்கிலிருந்து. அங்கே அது வந்தால் குளிர்காலம் வருகிறது என்பார்கள். இங்கே அது வந்தால் கோடை. பறவை ஒன்றே, அதைப் பார்த்து நாம் சொல்லும் பருவம்தான் வேறு.

இன்னொரு தகைவிலான் இருக்கிறது: நீலத் தகைவிலான். உள்நாட்டு மேட்டுப் புல்வெளிகளுக்குச் செப்டம்பர், அக்டோபரில் திரும்பி, நிலத்துக்குள் இருக்கும் பொந்துகளில் கூடு கட்டும். தென்னாப்பிரிக்காவில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. அந்தப் புல்வெளிகளைத் தின்றது மரத்தோட்டமும் கரும்பும். கரும்பு என்று எழுதும்போது நம்மவர் பேனா கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

புரட்டாசி அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்தால் ஹடிடாதான் வருகிறது. பரவாயில்லையா?

முன்னோர்கள் கோபித்துக்கொள்வார்களா என்பது ஐயரிடம் கேட்க வேண்டியது. பறவையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் ஊர்க் காகம், சாம்பல் கழுத்துள்ளது, டர்பனில் 1970களில்தான் தென்பட்டது. இங்கே அது அழையாத விருந்தாளி. மற்ற பறவைகளின் முட்டை, குஞ்சுகளைத் தின்பதால் கட்டுப்படுத்துகிறார்கள். மார்பு வெள்ளையாக இருக்கும் காகம் இந்நாட்டுக்காரர். அவர் வந்தால் நல்லது.

மைனாவும் வெளியூர்தான். 1900களின் தொடக்கத்தில் டர்பனில் கூண்டிலிருந்து தப்பியவற்றின் வாரிசுகள். 1860இல் ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து இறங்கியவர்களின் வாரிசான நான் அதைக் குறை சொன்னால் மனைவி சிரிக்கிறாள்.

ஹடிடா அரிவாள் மூக்கன் வகை. சோற்றைவிட உங்கள் புல்தரையில் அதற்கு அக்கறை அதிகம்: நீண்ட அலகை மண்ணில் குத்தி, நுனியால் புழுவின் அதிர்வை உணர்ந்து எடுக்கும். நூறு வருஷத்துக்கு முன் நாட்டின் கிழக்குப் பக்கத்தில் மட்டும் இருந்தது. வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றிப் புல் வளர்த்தோம், கேப் டவுன் வரை போய்விட்டது. வைக்கிற சோற்றில் உப்பு வேண்டாம், கைப்பிடிக்கு மேல் வேண்டாம். வெண்கழுத்து நாரைக்குப் போலோனி, சாசேஜ் போடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பூக்களில் எதைப் பார்ப்பது?

இந்த நாட்டு முள்முருங்கை. நம் கல்யாண முருங்கைக்கு நெருங்கிய உறவு, ஜூலுவில் உம்சின்சி. இலை விடுவதற்கு முன்பே, ஜூலையிலிருந்து, மொட்டைக் கிளையில் செக்கச்செவேலெனப் பூக்கும். அதன் அடியில் நின்றால் தேடிப் போகவே வேண்டாம், தேன்சிட்டுகள் அங்கே வரும். காட்டு நிழலில் ஆகஸ்ட், செப்டம்பரில் ஆரஞ்சு நிறக் கிளைவியா.

பாம்பு வெளியே வருமே?

வரும், வெயில் ஏற ஏற. பச்சையாக ஒன்றைப் பார்த்ததும் மாம்பா என்று தடியை எடுக்காதீர்கள். வீட்டுப் பக்கம் வரும் பச்சைப் பாம்புகளில் நிறைய, விஷமில்லாத புள்ளிப் புதர்ப்பாம்புகள். உடம்பின் முன்பாதியில் கரும்புள்ளி இருக்கும். பச்சை மாம்பாவுக்குப் புள்ளி கிடையாது. ஆனால் இதைச் சரிபார்க்கக் கிட்டே போகாதீர்கள். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே விட்டு, தூரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு, பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள். அவர் எண்ணை இப்போதே போனில் ஏற்றி வையுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

8×42 பைனாகுலர் ஒன்று, நோட்டு ஒன்று. தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள், பெரிய கேமராவை வழியில் தொங்கவிட வேண்டாம். இது பறவை பற்றிய அறிவுரை இல்லை, ஆனால் இந்த ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

பார்த்ததை எழுதினால் யாருக்காவது பயன் உண்டா?

உண்டு. 2007இல் தொடங்கிய தென் ஆப்பிரிக்கப் பிராந்தியப் பறவை வரைபடத் திட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் பதிவு அனுப்பலாம். நாட்டை ஏறக்குறைய எட்டு, ஒன்பது கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் சுற்றி, பார்த்த பறவையை எல்லாம் வரிசைப்படி பதிய வேண்டும். போனிலேயே பேர்ட்லாசர் செயலியில் செய்யலாம். எங்கள் குழுவில் பதிவது பதின்மூன்று வயதுப் பேத்தி. போன ஆடி வெள்ளியன்று கூழ்ப் பாத்திரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, மேலே பார்த்தபடி அவள் முதலில் கேட்டது: "தாத்தா, வாலைத் திருப்பிச்சா, இல்லையா?"